ஊரு என்ற டேட்டாபேஸ்

“அப்படி ஒரு பேரே இங்க இல்லையேம்மா.”

திருநெல்வேலி டயாலிசிஸ் சென்டரின் டெக்னீஷியன் கணேசபாண்டியன் இதை, ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை என்று சொல்பவர் மாதிரி சாவகாசமாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வாசலில் வீல்சேர் கிடைக்குமா என்று கேட்கத்தான் நான் போன் போட்டிருந்தேன்.

“நல்லாப் பாருங்க சார். முகைதீன். பாம்பேலேருந்து வாராங்க. நாளைக்குக் காலையில. கன்ஃபர்ம்னு எஸ்எம்எஸ் வந்திருக்கு.”

“எஸ்எம்எஸ்ஸு ஒங்களுக்குல்லா வந்திருக்கு. எனக்கு லிஸ்டுல பேரு வரணும்லா? நாளைக்கு எல்லாச் சேருக்கும் ஆளு இருக்கு.”

“அப்ப எங்க வாப்பா எங்க போவாங்க?”

“அத என்கிட்ட கேட்டா நான் எங்கம்மா போவேன்?”

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் கேவலமாகக் கத்தியிருப்பேன்.

முகைதீன் என் வாப்பா. தாராவியில் தோல் பை பட்டறை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் செம்பூர் சென்டரில் மிஷினோடு உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுத்தாக வேண்டும். நேற்று, வியாழக்கிழமை, அதை முடித்துக்கொண்டு சாச்சாவின், அதாவது அவர் தம்பியின், மகள் நிக்காஹுக்காக உம்மாவோடு நாகர்கோவில் வண்டி ஏறிவிட்டார். நாளை காலை திருநெல்வேலியில் இறங்கியதும் நேராகச் சென்டருக்குப் போக வேண்டும். போன மழைக்காலத்தில் ரோடெல்லாம் தண்ணீர் நின்று ஒரு சனிக்கிழமை தவறியது. ஞாயிறு சாயங்காலம் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று ஐ.சி.யூவில் போட்டார்கள். விட்டுப்போன தொழுகையைக் களாவாகப் பிறகு தொழுது ஈடுகட்டலாம், இதற்கு அது கிடையாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பிய வெப்சைட்டை எழுதியவளே நான்தான். நானும் மானசாவும்.

எங்கள் ஆபீஸ் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஓட்டலுக்கு மேல்மாடி, இரண்டே அறை. மதியம் ஆனால் சாம்பார் வாசனையில்தான் கோட் எழுத வேண்டும். மானசா மாதுங்காக்காரி, பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேதான். என் கோபத்தைத் தாங்கிக்கொண்டு என்னோடு வேலை செய்கிற ஒரே ஜீவன்.

“கியா ஹுவா?” என்று ஹெட்போனைக் கழற்றினாள்.

“வாப்பா பேரு திருநெல்வேலில இல்லையாம்.”

“அதெப்படி? நம்ம ஸ்க்ரீன்ல இருக்கே. நானே பார்த்தேன்.”

பார்த்தோம். இருந்தது. முகைதீன், திருநெல்வேலி, சனிக்கிழமை காலை, உறுதி. பச்சை எழுத்தில் பல்லிளித்துக்கொண்டு இருந்தது.

“அந்த ஆளு கம்ப்யூட்டர ரெஃப்ரெஷ் பண்ணியிருக்க மாட்டார்” என்றேன். மறுபடி போன் போட்டுப் பண்ணச் சொன்னோம். பண்ணினார். இல்லை. நெட் இருக்கிறதா என்று கேட்டேன். “நெட்டு இல்லாமலா ஒங்க மெயிலு வருது?” என்றார். ஆபீஸில் நடந்துகொண்டே இருந்தேன். ஜன்னலுக்குப் போனால் கீழே பஸ் ஹாரன், திரும்பி வந்தால் அந்தப் பச்சை எழுத்து.

விஷயம் இதுதான். திருநெல்வேலியில் சென்டர் நடத்திக்கொண்டிருந்த ஒரு டிரஸ்ட், புதிதாகச் செம்பூரிலும் ஒன்று திறந்தது. இங்கே இருப்பவர் அங்கே போனாலோ, அங்கே இருப்பவர் இங்கே வந்தாலோ, போகிற இடத்தில் ஒரு சேர் பிடித்துக்கொள்ள வெப்சைட் கேட்டார்கள். நெட் போனாலும் சென்டர் ஓட வேண்டும் என்பதால் அந்தந்த சென்டர் விவரம் அந்தந்த சென்டர் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆக வெப்சைட் ஒன்று, டேட்டாபேஸ் இரண்டு. எந்தப் பதிவு எந்த டேட்டாபேஸுக்குப் போக வேண்டும் என்று கைகாட்டுவதற்கு நடுவில் சின்னதாக ஒரு கோட். அதற்கு ரவுட்டர் என்று பேர். டேட்டாபேஸ்களுக்குப் பேர் வைத்து செட்டிங்ஸ் எழுதியது நான். ரவுட்டர் எழுதியது மானசா.

“வெப்சைட் வழியா பார்க்காதே” என்றாள் மானசா. “நேரா டேட்டாபேஸ்ல போய்ப் பாரு.”

சரியான யோசனை. இரண்டையும் தனித்தனியாகத் திறந்து, வாப்பா பேரைத் தேடினேன். திருநெல்வேலியில் இல்லை. செம்பூரில் இருந்தது. சனிக்கிழமை, முகைதீன். செம்பூரில் அவர் வழக்கமாக வருகிற நாளும் அதுதான் என்பதால், அந்த லிஸ்டைப் பார்த்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

“தப்பான வீட்டுல போய் உக்காந்திருக்குடீ!”

“அப்போ நம்ம ஸ்க்ரீன் ஏன் சரியாக் காட்டறது?”

அவள் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. எழுதும்போதும் ரவுட்டர் தப்பாகக் கைகாட்டுகிறது, படிக்கும்போதும் அதே தப்பான பக்கம் கைகாட்டுகிறது. போட்ட இடத்திலேயே போய்த் தேடினால் ஏன் கிடைக்காது? எங்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இரண்டு வாரம் முன்னாலேயே வெப்சைட் எச்சரித்தது. செம்பூருக்கு ஒரு பதிவு போட்டுப் பார்த்தபோது ‘டேபிள் இல்லை’ என்று கத்தியது. நான் அதுவரை செம்பூர் டேட்டாபேஸில் மட்டும்தான் பதிவுகளை வைக்கும் அட்டவணையை, அதாவது டேபிளை, உண்டாக்கியிருந்தேன். இருக்கிற இடத்தில் ஏன் இல்லை என்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எனக்கு எரிச்சல். இரண்டு பக்கமும் டேபிளை உண்டாக்கி அதன் வாயை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று உம்மா சும்மாவா சொல்கிறாள்.

மானசாவின் ரவுட்டரைத் திறந்தேன். செம்பூர் என்றால் ‘ஊரு’வுக்கு அனுப்பு. திருநெல்வேலி என்றால் ‘டிஃபால்ட்’டுக்கு அனுப்பு.

“அடிப்பாவி! தலைகீழா எழுதி வச்சிருக்கே!”

“எது தலைகீழ்? ஊர்னு நீதானே பேர் வச்சே?”

“திருநெல்வேலிக்கு வச்சேன்! செம்பூருதான் டிஃபால்ட்!”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நடிப்பே இல்லை. “திருநெல்வேலி எப்படி ஊராகும்?”

“ஊருன்னா அதுதானடீ! லீவுல எங்க போறேன்னு கேட்டா ஊருக்குப் போறேன்னு சொல்ல மாட்டியா?”

“கிராமத்துக்குப் போறேன்னு சொல்லுவேன். எங்காத்துல பாலக்காட்டுக்குப் பேரு கிராமம். ஊர்னா நாம இருக்கற ஊர். மழை வந்து ஊரே மூழ்கிப் போச்சுன்னு சொன்னா, எந்த ஊர்? மும்பைதானே?”

“மும்பை பாம்பேடீ! பாம்பே எப்படி ஊராகும்? தாராவில எந்தப் புள்ளைய வேணா நிறுத்திக் கேட்டுப் பாரு.”

“நான் எதுக்குத் தாராவில போய்க் கேக்கணும்? நீ செம்பூர், திருநெல்வேலின்னு பேர் வச்சிருந்தா என்ன?” அவளுக்கும் குரல் ஏறிவிட்டது. “டிரஸ்ட் ஆரம்பிச்சது திருநெல்வேலில. முதல் டேட்டாபேஸுக்கு டிஃபால்ட்னுதான் பேர் இருக்கணும். அப்போ அதான் திருநெல்வேலின்னு நினைச்சேன். ரெண்டாவதா வந்தது நம்ம ஊர். ஊர்னு பேர் வச்சிருக்காளே, அழகா இருக்கேன்னு வேற நினைச்சேன்.”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று மாதமாக எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே வார்த்தையை ஆளுக்கொரு அர்த்தத்தில் டைப் அடித்திருக்கிறோம். தமிழ் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தால் இந்தக் குழப்பம், இந்த லோச்சாவே வந்திருக்காது, இது என்ன வார்த்தை என்று கேட்டிருப்பாள்.

“சரி, இப்ப சண்டை வேண்டாம்” என்றாள் மானசா. “ரவுட்டரத் திருப்பி எழுதிட்டேன். பழைய பதிவெல்லாம் இடம் மாத்தணும்.”

“மாத்தி? அங்க சேரு எல்லாம் ஃபுல்லுன்னுட்டாரே.”

அப்போதுதான் எனக்குத் தலையில் பல்ப் எரிந்தது. இங்கிருந்து போகிறவர் பெயர் இங்கேயே நின்றுவிட்டது என்றால், அங்கிருந்து இங்கே வந்தவர் பெயரும் அங்கேயே நின்றிருக்க வேண்டும். திருநெல்வேலி டேட்டாபேஸில் எங்கள் வெப்சைட் வழியாகப் போன பதிவுகளை மட்டும் எடுத்தேன். இருந்தது. மைமூன் பீவி, செம்பூர், வியாழன், சனி. மும்பை பாண்டுப்பில் மகன் வீட்டு முகவரி.

கணேசபாண்டியனுக்குப் போன் போட்டேன். “சார், நாளைக்கு மைமூன் பீவின்னு ஒருத்தவங்க பேரு இருக்கா?”

“இருக்கும்மா. நம்ம பழைய பேஷண்ட்டுதான். செவ்வாக்கெழம வந்து பண்ணிட்டுப் போனாவ. நேத்தும் பேரு இருந்துது, ஆளு வரல. சேரு சும்மா கெடந்துது.”

“எப்படி வருவாங்க? அவங்க பாம்பேல மகன் வீட்டுல இருக்காங்க சார்.”

“அட, ஆமாம்மா! மவன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாவ. எனக்குத்தான் மறந்துட்டு.”

“அந்தச் சேருல எங்க வாப்பாவ உக்கார வைக்கலாமா?”

“லிஸ்டுல பேரு வந்தா தாராளமா உக்கார வைக்கேன். எனக்கு என்ன வம்பு?”

வாப்பாவின் பதிவைத் திருநெல்வேலிக்கு மாற்றினேன். மைமூன் பீவியின் பதிவைச் செம்பூருக்கு மாற்றினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். “இப்பப் பாருங்க சார்.”

“வந்துட்டும்மா! முகைதீன். அந்தம்மா பேரு போயிட்டு. கவலப்படாம இரிங்க.”

அல்ஹம்துலில்லாஹ்! மானசாவைக் கட்டிப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினேன். சற்று முன் அவளை அடிப்பாவி என்றதெல்லாம் காற்றில் போயிற்று. அவள் கீழே ஓட்டலுக்குப் போன் போட்டு இரண்டு காபி சொன்னாள். சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“சஃப்ரீன், ஒரு நிமிஷம். நேத்திக்கு அந்தம்மா பேரு திருநெல்வேலிலதானே இருந்தது?”

“ஆமா.”

“அப்போ நேத்திக்குச் செம்பூர்ல?”

நான் அதை யோசிக்கவே இல்லை. என் வாப்பா, என் வாப்பா என்றே இருந்துவிட்டேன். பதிவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். நாளைக்குத் தைரியமாகச் செம்பூருக்கு வாருங்கள், சேர் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

“ஹலோ, கோன்?” ஆண் குரல். பின்னால் ஒரே தடதட சத்தம்.

“மைமூன் பீவி இருக்காங்களா? டயாலிசிஸ் டிரஸ்ட் வெப்சைட்லேருந்து பேசுதேன்.”

“எந்த டிரஸ்ட்டு? நேத்து செம்பூர்ல எங்கம்மாவ வாசல்ல நிக்க வச்சு, லிஸ்டுல பேரு இல்லன்னு திருப்பி அனுப்பினீங்கள்ல, அந்த டிரஸ்ட்டா?”

அந்த மகன் விடவில்லை. “எஸ்எம்எஸ்ஸ காட்டுறேன், பாக்க மாட்டேங்கறாங்க. பாண்டுப்புல வேற ஆஸ்பத்திரில கேட்டா, நயா பேஷண்ட்டு, டெஸ்ட் எடு, ரிப்போர்ட் கொண்டா, நாலு நாள் ஆகும்கறான். எங்கம்மாவுக்குக் காலெல்லாம் வீங்கிப் போச்சு. அதான் நேத்து ராத்திரியே ஊருக்கு வண்டி ஏத்திட்டேன். டிக்கெட் இல்ல, ஜெனரல்ல உக்காந்து வாரோம்.”

“எந்த வண்டி?”

“நாகர்கோவில் வண்டிதான். வேற என்ன வண்டி இருக்கு?”

வாப்பா போகிற அதே வண்டி. போனுக்குள் அந்தத் தடதடப்புக்கு நடுவில் வேறொரு சத்தமும் கேட்டது. யாரோ வாயால் மூச்சு இழுக்கும் சத்தம். அது எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

“மேடம், ஒண்ணு மட்டும் பக்காவா சொல்லுங்க” என்றார் மகன். குரலில் இப்போது கோபம் இல்லை. “நாளைக்குக் காலையில எறங்கி நேரா சென்டருக்குத்தான் போறோம். அங்க எங்கம்மா சேரு இருக்குல்ல?”

“இருக்கு” என்றேன்.

போனை வைத்துவிட்டேன். காபி வந்தது. ஒருவரும் தொடவில்லை.

திருநெல்வேலியில் மிச்சம் இருப்பது ஒரே சேர். அதில் என் வாப்பா பெயர் இருக்கிறது, அதுவும் முறைப்படி சரியாக இருக்கிறது. ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். இப்படியே விட்டால் என்னை யார் கேட்கப்போகிறார்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், நான் அப்படித்தான் நினைத்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். போன மழைக்காலத்தில் ஐ.சி.யூ வாசலில் நின்றது நான்தான், ஊரார் யாரும் இல்லை. ஆனால் வாப்பாவுக்கு நேற்று ஆகிவிட்டது. அந்த அம்மாளுக்குச் செவ்வாய்க்கிழமையோடு நிற்கிறது. இந்தக் கணக்கை நான் போடவில்லை, அது பாட்டுக்குத் தலைக்குள் ஓடியது.

“நான் பண்ணட்டுமா?” என்றாள் மானசா மெதுவாக.

“வேண்டாம்.”

நானே உட்கார்ந்தேன். மைமூன் பீவியின் பதிவைத் திரும்பத் திருநெல்வேலியில் போட்டேன். வாப்பாவின் பதிவை எடுத்தேன். அரை மணி நேரம் முன்னால் தப்பாக இருந்ததை அப்படியே மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

கணேசபாண்டியனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஞாயித்துக்கெழம சென்டரு கெடையாதும்மா. மிஷின் கழுவுற நாளு. திங்கக்கெழம காலையில மொத சேரு ஒங்க வாப்பாவுக்குன்னு நானே பிடிச்சு வைக்கேன். இது என் வாக்கு. அதுவரைக்கும் அவுக தண்ணிய மட்டும் கட்டுப்படுத்திக்கிடணும். காபி, டீ, மோரு, எல்லாம் தண்ணிதான். அதச் சொல்லிப்புடுங்க.”

“தாங்குவாங்களா சார்?”

“தண்ணி குடிக்காம இருந்தா தாங்குவாவ.”

வாப்பாவுக்குப் போன் போட்டேன். முதல் தடவை சிக்னல் இல்லை. இரண்டாவது தடவை ரிங் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை எடுத்தார்.

“என்னம்மா, சாப்பிட்டியா? குண்டக்கல் வந்துட்டோம். என்னா வெயிலு! பெட்டி கொதிக்குது. நாக்கு ஒட்டிக்கிச்சு, இப்பத்தான் ஒரு மோர் வாங்கினேன்.”

“குடிச்சிட்டீங்களா?”

“இனிமேத்தான். ஏன்?”

“குடிக்காதீங்க வாப்பா.”

“ஒரு கிளாஸ்தானம்மா. நாளைக்குக் காலையில மிஷின்ல எடுத்துரப் போறாங்க.”

“நாளைக்கு இல்ல வாப்பா. திங்கக்கிழமைதான்.”

வண்டி நின்றிருந்தது போலிருக்கிறது. டீ விற்கிறவர்களின் சத்தம் மட்டும் கேட்டது.

“என் சேர் என்னாச்சு?”

“குடுத்துட்டேன்.” அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், முடியவில்லை. “ஒரு அம்மாவுக்கு. செவ்வாக்கெழமையிலேருந்து அவங்களுக்குப் பண்ணல. உங்க வண்டியிலதான் வாராங்க. அவங்க மூச்சு விடுற சத்தத்த போன்ல கேட்டேன் வாப்பா.”

திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். மறுமுனையில் உம்மா என்ன என்ன என்று கேட்பதும், வாப்பா அவளிடம் ஏதோ சொல்வதும் கேட்டது. பிறகு மறுபடி லைனுக்கு வந்தார்.

“மோர உம்மாகிட்ட குடுத்துட்டேன்மா” என்றார்.